தலைப்பு ஆங்கிலத்தில் மட்டும்

உட்காருங்கள் ஐயா. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சாய்ந்தால் கவிழும். பெஞ்சில் உட்காருங்கள். மின்விசிறி மெதுவாகத்தான் சுற்றும், அதற்கும் வயசாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் திருமணத் தகவல் நிலையத்தைத் திறப்பதில்லை. என் மகள் கோதைதான், "அப்பா, இன்னைக்குப் பத்தரைக்கு ஒருத்தர் வர்றாங்க, சட்டையை மாத்திக்குங்க" என்றாள். பதிவு செய்ய வருகிறவருக்காக நான் எதற்குச் சட்டை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். "மாத்துங்கப்பா" என்றாள். மாற்றிக்கொண்டேன். இந்த வயசில் காரணம் கேட்பதைவிடச் சட்டையை மாற்றுவது சுலபம்.

பழமா? எதற்கு ஐயா இதெல்லாம்? பதிவுக்கு வருகிறவர்கள் ஜாதகமும் போட்டோவும் கொண்டுவந்தால் போதும். சரி, அந்த மேஜையில் வையுங்கள். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. தை பிறந்ததும் ஆபரேஷன். உங்கள் முகமே பனிக்குள் நிற்கிற மாதிரிதான் தெரிகிறது. வெள்ளைச் சட்டை என்று தெரிகிறது. வாசலில் வேன் பக்கத்தில் நிற்பது யார்? உங்கள் பையனா? உள்ளே வரச் சொல்லுங்களேன். அப்புறம் வருகிறாரா? சரி, அவர் இஷ்டம்.

படிவம் எழுதுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லோரிடமும் சொல்வதுதான். உங்கள் தலைக்கு மேலே பலகை இருக்கிறதே, படித்தீர்களா? சிவப்பு பெயிண்டில் எழுதியிருக்கும். "மெயில் அனுப்புவோர் கவனிக்க: தலைப்பு ஆங்கிலத்தில் மட்டும்." இந்தப் பெரியகுளத்தில் அப்படிப் பலகை வைத்திருக்கிற ஒரே ஆள் நான்தான். தண்டபாணிக்குத் தமிழ் ஆகாது என்று சிலர் பேசுகிறார்கள். பேசட்டும். முப்பத்தொரு வருஷமாகத் தமிழில்தான் ஜாதகக் குறிப்பு எழுதுகிறேன். என் கையெழுத்து தமிழ். நீங்கள் கடிதத்துக்குள்ளே என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், வெண்பாவில் எழுதினாலும் சரி. மேலே தலைப்பு என்று ஒரு வரி இருக்கும், சப்ஜெக்ட் என்பார்கள், அதை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். அவ்வளவுதான். ஏன் என்று கேட்கிறீர்களா? யாரும் கேட்பதில்லை. கேட்டதற்காகச் சொல்கிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் வாங்கினேன் கம்ப்யூட்டர். புதுசு இல்லை, ஒரு கல்லூரியில் கழித்துவிட்டதை சாதிக் என்கிற மெக்கானிக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "சார், மெயில்ல தலைப்பு வரிசையா கேள்விக்குறியா வந்துச்சுன்னா தொடாதீங்க. வைரஸ். திறந்தா மொத்தமும் போயிடும், உங்க ஜாதகமெல்லாம் காலி." நல்ல மனுஷன், என் நன்மைக்குத்தான் சொன்னார். அதை நான் வேதமாகப் பிடித்துக்கொண்டேன்.

வேலை எப்படி நடக்கும் என்றால், காலையில் காபி குடித்துவிட்டு நான் இந்த பெஞ்சில் உட்காருவேன். கோதை உள் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வந்திருக்கிற மெயில்களின் தலைப்பை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பாள். தலைப்பு மட்டும். கடிதத்தைத் திறப்பதில்லை. நான் இங்கிருந்தே ஒரு வார்த்தை சொல்வேன். "பதில்" என்றால் பதில் போட வேண்டும். "பைல்" என்றால் எடுத்து வைக்க வேண்டும். "அழி" என்றால் அழிக்க வேண்டும். மூன்றே வார்த்தைதான். அறுபது மெயில் வந்தாலும் அரை மணியில் முடித்துவிடுவோம். இப்படி ஒரு ஒழுங்கு எந்தக் கம்பெனியிலும் இருக்காது.

"அப்பா, கேள்விக்குறி வரிசையா இருக்கு."

"எத்தனை?"

"பதினாலு."

"அழி."

ஒருநாள் கேட்டாள். "அப்பா, அனுப்புனவங்க பேர் இருக்கிற எடத்துலயும் கேள்விக்குறிதான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு திறந்து பார்க்கட்டுமா?" நான் சொன்னேன், "தன் பேரைக்கூடச் சொல்லத் தெரியாதவன் அனுப்பினதைத் திறந்து என்னம்மா செய்யப்போற?" அதோடு விட்டுவிட்டாள். சொன்னால் கேட்டுக்கொள்வாள். என் மனைவி சௌந்தரம் போன பிறகு இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்க அவள் ஒருத்திதான்.

காபி வரும் ஐயா. உள்ளே ஏதோ எண்ணெய்ச் சட்டி சத்தம் கேட்கிறது. பஜ்ஜி வாசனை வருகிறது இல்லையா? ஞாயிற்றுக்கிழமை, ஏதோ ஆசைக்குப் போடுகிறாள் போல.

எங்கே விட்டேன்? பொறுங்கள், இந்தத் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொன்னால்தான் மேலே சொல்வது புரியும். எங்கள் தொழிலில் யாரும் வாயைத் திறந்து "வேண்டாம்" என்று சொல்ல மாட்டார்கள். பெண்ணைப் பார்ப்பார்கள், பலகாரம் சாப்பிடுவார்கள், "ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்" என்று எழுந்துவிடுவார்கள். தகவல் வந்தால் சம்மதம். பதினைந்து நாளில் வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். பெண் வீட்டுக்கும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் சரி என்று எழுதி, பெண் வீட்டார் பதில் போடவில்லை என்றால் அதுவும் வேண்டாம்தான். யாருக்கும் மனக்கசப்பு இல்லை, நாளைக்கு ஒரு கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்தாலும் சிரித்துப் பேசலாம். எவ்வளவு நாகரிகமான வழக்கம் பாருங்கள்.

இதைத் தெரியாத ஒருவர் இருக்கிறார், எங்கள் பதிவில். வத்தலக்குண்டுக்காரர், கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை. இரண்டு வருஷமாக அவருக்கு ஜாதகம் அனுப்புகிறோம். ஒவ்வொன்றுக்கும், "மன்னிக்கவும், இது எனக்குப் பொருந்தாது, சிரமம் எடுத்துக்கொண்டதற்கு நன்றி" என்று பதில் வந்துவிடும். இருபத்தாறு தடவை! பேசாமல் இருந்தால் போதும், அந்த விவரம் இல்லை அந்த மனுஷனுக்கு. ஆனால் ஒன்று, தலைப்பை மட்டும் ஒழுங்காக ஆங்கிலத்தில் போடுவார். ஏன் ஐயா சிரிக்கிறீர்கள்? நானும் முதலில் சிரித்தேன்.

சரி, கதைக்கு வருகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் கோதைக்கு ஒரு வரன் வந்தது. முழுப்பெயர் பூங்கோதை. அப்போது அவளுக்கு இருபத்தேழு. கோவில்பட்டிப் பக்கம், பையன் பேர் இளம்பரிதி, பள்ளிக்கூட வாத்தியார். அவன் அப்பா பொன்னம்பலம், ரிட்டயர்டு தமிழாசிரியர். வந்தார்கள், பார்த்தார்கள். பையன் கோதையிடம், "என்ன படிப்பீங்க?" என்று கேட்டான். "வர்ற மெயிலோட தலைப்பு மட்டும்" என்றாள் இவள். பையன் சிரித்தான் பாருங்கள், கையிலிருந்த காபி சட்டையில் கொட்டிவிட்டது. அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு அப்போதே தோன்றியது, இது கூடும் என்று.

கிளம்பும்போது பொன்னம்பலம், "தகவல் சொல்றோம், கடுதாசி போடுறோம்" என்றார். நான்தான், என் வாய் சும்மா இருக்காமல், "கடுதாசி எதுக்கு சார், மெயில் போடுங்க, நம்ம நிலையத்துல எல்லாம் கம்ப்யூட்டர்தான்" என்று பெருமையாகச் சொல்லி விசிட்டிங் கார்டைக் கொடுத்தேன். அதில் மெயில் விலாசம் தங்க எழுத்தில் அடித்திருந்தது.

பதினைந்து நாள் பார்த்தோம். தகவல் இல்லை. அந்தப் பதினைந்து நாளும் தலைப்பு படிக்கும்போது கோதையின் குரல் கொஞ்சம் வேகமாக இருக்கும், ஒரே மூச்சில் கடைசி வரைக்கும் போய்விடுவாள். இருபது நாள், ஒரு மாதம். நானும் ஜாதகத்தைக் கவரில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். மேலே ஒரு வரியும் எழுதவில்லை. எழுதக் கூடாது, அதுதான் மரியாதை.

ஒரு வருஷம் கழித்து மதுரையில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு அடுத்த இலையில் பொன்னம்பலம். அவர்தான் ஆரம்பித்தார்.

"என்ன சார், உங்க பொண்ணுக்கு முடிஞ்சிருச்சா?"

"பார்த்துக்கிட்டு இருக்கோம்."

"நாங்க மூணு தடவை எழுதினோம் சார். பையன்தான் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போனான். மூணுக்கும் பதில் இல்ல. ஜாதகமும் திரும்பி வந்துருச்சு. சரி, பெரிய இடமா பாக்குறாங்க போலன்னு விட்டுட்டோம். பையனுக்குத்தான் ரொம்ப நாள் மனசு ஆறல. போன ஆவணியில முடிச்சோம்."

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தலைப்பு என்ன சார் போட்டீங்க?"

"'பூங்கோதை எங்கள் வீட்டு மருமகள்'னு போட்டேன். தமிழ்லதான். தமிழ் வாத்தியார் வேற எதுல சார் போடுவான்?"

இலையில் ரசம் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அது ஓடி மேஜை விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. கையை வைத்துத் தடுக்கக்கூடத் தோன்றவில்லை.

என்ன சொல்வேன் அவரிடம்? உங்கள் சம்மதத்தை வைரஸ் என்று நினைத்து அழித்துவிட்டேன் என்றா? திருமணத் தகவல் நிலையம் நடத்துகிறவன் சொல்லக்கூடிய வார்த்தையா அது? "ஜாதகத்துல ஒரு சின்னத் தடை இருந்துச்சு சார்" என்றேன். "அப்படியா, நாங்க பார்த்தப்ப ஒண்ணும் தெரியலையே" என்றார். பாயசம் வந்தது. அதோடு பேச்சு நின்றுவிட்டது.

அந்த மூன்றையும் அழித்தது யார் கை தெரியுமா ஐயா? அவள் கைதான். நான் இந்த பெஞ்சிலிருந்து சொன்னேன், அவள் அழுத்தினாள்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்லக் கூடாது என்றுதான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். எனக்கு எதுவும் வயிற்றில் தங்காது. "மூணா?" என்றாள். அப்புறம், "ஏம்பா, ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே" என்றாள். எப்படி ஐயா போடுவது? பெண் வீட்டார் போன் போட்டு, 'எங்க பொண்ணைப் பிடிச்சிருக்கா' என்று கேட்பார்களா? இந்தத் தொழிலில் இவ்வளவு நாள் கூட இருந்தவள் கேட்கிற கேள்வியா? அதையும் சொன்னேன். என் கையிலிருந்த தாம்பூலப் பையை வாங்கி வைத்துவிட்டு, "அவங்க போட்ட தலைப்பு என்னன்னு சொன்னீங்க?" என்றாள். சொன்னேன். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். இன்னொரு தடவையும் சொன்னேன். எதற்கு இரண்டு தடவை கேட்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும்.

அப்புறம் சாதிக்கைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார், "சார், இது பழைய மெஷின். தலைப்பு வரியில தமிழ் வந்தா இதுக்குப் படிக்கத் தெரியாது. தெரியாத எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுரும்." பாருங்கள் ஐயா! எவனோ ஒருத்தன், உலகத்தில் ஆங்கிலத்தைத் தவிர வேறு எழுத்தே கிடையாது என்று நினைத்துச் செய்திருக்கிறான். வீட்டுக்குள்ளே தமிழ் பேசிக்கொள், வாசலில் பேர்ப்பலகையை மட்டும் ஆங்கிலத்தில் எழுது என்கிற மாதிரி. மெயில் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். தலைப்பை ஆங்கிலத்தில்தான் போட்டேன். பதில் வரவில்லை. வராவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு எழுதி மாட்டியதுதான் இந்தப் பலகை. என் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது. குற்றம் என்னுடையது இல்லை, மெஷினுடையது. இருந்தாலும் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே.

அதற்குப் பிறகு கோதைக்கு வரன் வரவில்லையா என்று கேட்டால், வந்தது. ஒன்பது வந்தது. ஒன்று தூரம், ஒன்றில் மாமியார் சரியில்லை, ஒன்றில் பையன் நிற்கும்போது ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். நான் பதில் போடவில்லை. அவசரப்பட்டு ஒரு இடத்தில் தள்ளிவிட முடியுமா? நிலையமும் இருக்கிறது. அவள் இல்லாவிட்டால் எனக்கு மூக்குக் கண்ணாடி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. முப்பத்துமூன்று ஆகிறது. அவள் ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மதுரைக்குப் போய்ச் சரிபண்ணிக் கொண்டுவந்தாள். என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "தூசி தட்டினாங்கப்பா" என்றாள். தூசி தட்டினதற்கே பலன் தெரிந்தது. கேள்விக்குறி வருவது ரொம்பக் குறைந்துவிட்டது. இன்னொன்று, அந்தச் சமயத்திலிருந்து நிலையத்துக்கு நல்ல பேர். "உங்க பதில் கிடைச்சது, ரொம்ப நன்றி" என்று யார் யாரோ வந்து சொல்கிறார்கள். நான் பதில் போடச் சொன்னதாகவே ஞாபகம் இல்லாத ஆட்கள். முப்பது வருஷ உழைப்பு, இப்போதுதான் பலன் கொடுக்கிறது.

போன மாதம் மட்டும் ஒரே வாரத்தில் மூன்று தடவை வந்தது. திங்கட்கிழமை, "அப்பா, கேள்விக்குறி" என்றாள். "அழி" என்றேன். வியாழக்கிழமை, "கேள்விக்குறிப்பா" என்றாள். "அழி." சனிக்கிழமை மறுபடியும். அன்றைக்குக் கடைசி மெயிலைப் படிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "என்னம்மா, முடிஞ்சுதா?" என்றேன். "ஒண்ணு இருக்கு. கேள்விக்குறி" என்றாள். "அழிச்சிரு, பழைய தொந்தரவு மறுபடி ஆரம்பிக்குது" என்றேன். "சரிப்பா" என்றாள். அந்த "சரிப்பா" கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது.

வா கோதை. ஐயாவுக்கு முதலில் கொடு. என்ன, கேசரியுமா? பஜ்ஜி, கேசரி, காபி... என்னம்மா இன்றைக்கு? சரசரவென்று சத்தம் கேட்கிறதே, என்ன சேலை அது? சௌந்தரத்தின் பட்டா? பெட்டியைத் திறந்து எடுத்தாயா?

ஐயா, நீங்கள் ஏன் எழுந்து நிற்கிறீர்கள்?

நீங்கள் பதிவுக்கு வரவில்லையா? பையன் பேர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறதா? என்ன பேர்? சபாபதியா? வத்தலக்குண்டு... கால்நடை ஆஸ்பத்திரி...

அந்த இருபத்தாறு தடவையா?

மன்னித்துக்கொள்ளுங்கள், விவரமில்லாத மனுஷன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் ஊரைச் சொல்லியிருக்கலாமே. நான் கேட்கவில்லை, உண்மைதான். வேனுக்குப் பக்கத்தில் நிற்பது அவர்தானா? இவ்வளவு நேரம் வெயிலிலா?

மெதுவாகச் சொல்லுங்கள். ஜாதகம் அனுப்பும்போதெல்லாம் கூடவே நாலு வரி எழுதுவாளா? யார், கோதையா? அதற்கு அவர் பதில் எழுதுவாரா? இருபத்தாறாவது ஜாதகம் வந்தபோது, 'எனக்கு இதை அனுப்புகிறவரைத்தான் பிடித்திருக்கிறது' என்று உங்களிடம் சொன்னாரா? அதனால் முறைப்படி நீங்கள் என் பேருக்கு எழுதினீர்கள். மூன்று தடவை. தமிழில் தலைப்பு வைத்து. நான் பலகையை உள்ளே மாட்டி வைத்திருக்கிறேன், உங்களுக்கு எப்படித் தெரியும்?

பதில் வந்ததா?

எங்கள் கம்ப்யூட்டரில் தலைப்பு தமிழில் வராதே ஐயா. இது என்ன பேப்பர்? என்னால் படிக்க முடியாது, நீங்களே படியுங்கள். "அப்பாவுக்கு மெயிலில் சொன்னால் தெரியாது. ஞாயிறு பத்தரைக்கு நேரில் வாருங்கள். பூங்கோதை."

தூசி தட்டினாங்களா, கோதை?

அன்றிலிருந்து உனக்குத் தமிழாகத்தான் தெரிகிறது. எனக்குக் கேள்விக்குறி என்று படித்தாய். நான் அழி என்றேன், நீ பதில் போட்டாய். யார் யாரோ வந்து நன்றி சொன்னது அதற்குத்தான்.

சரி. இப்போது படி. ஐயா மூன்றாவதாக அனுப்பினாரே, அதன் தலைப்பை மட்டும். உள்ளே போய்ப் பார்த்துப் படி. வேண்டாமா? இங்கே நின்றுகொண்டே சொல்வாயா?

"தங்கள் மகள் பூங்கோதையைப் பெண் கேட்டு, மூன்றாம் முறையாக."

உட்காருங்கள் ஐயா. என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். அவளும் என்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன், எனக்குப் பட்டின் நிறம் மட்டும்தான் தெரிகிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று இவ்வளவு நேரம் உட்கார்ந்து நானே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பதினைந்து நாள் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். நாளைக்குக் காலையில் யார் எனக்குத் தலைப்பு படிப்பார்கள்? அது உங்கள் கவலை இல்லை. வத்தலக்குண்டு இங்கிருந்து ஒரு மணி நேரப் பஸ்தானே.

கேசரி ஆறுகிறது. உங்கள் பையனை உள்ளே கூப்பிடுங்கள், பாவம்.

கோதை. இன்னொரு தடவை சொல்லம்மா, அந்தத் தலைப்பை.

ம்.

பதில்.